ஐந்தாம் வார்ப்பு

நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். எழுதத் தெரிந்தவர்களை நான் நம்புவதில்லை. என் கொல்லையில் நீங்கள் தோண்டி எடுத்த களிமண் அச்சுகள் என்னுடையவைதான்.

நாரா நகரத்து அரசாங்கப் பட்டறையில் காசு வார்ப்பவன் நான். காசு என்று ஒன்று வந்தே நாலு வருஷம்தான் ஆகிறது. சந்தையில் எவனும் அதை மதிப்பதில்லை. அரிசி கொடு, துணி கொடு என்றுதான் கேட்கிறான். என் தங்கை ஹிரோமேயின் புருஷன் தரிஹிதோ, அரசாங்க எழுத்தர். வீட்டுக்கு வந்தாலே இளிப்பான்.

"என்ன மச்சான், ஓட்டைச் செம்பை வார்த்துக்கிட்டே இருக்கீங்க. அதக் குடுத்தா ஒரு முள்ளங்கியாச்சும் தருவானா?"

"தரமாட்டான் மாப்ளே. உங்க கையெழுத்துக்கு ரெண்டு தருவானோ?"

பிறகு அந்த உத்தரவு வந்தது. காசு சேர்த்து அரண்மனைக்குக் கொடுப்பவனுக்குப் பதவி ஒரு படி உயருமாம். அன்று சாயங்காலமே அரிசிக் கள் ஜாடியோடு வந்து நின்றான்.

"மச்சான், நம்ம குடும்பத்துக்குக் கெடச்ச தெய்வம் நீங்க."

"நேத்துவரைக்கும் கரிமூஞ்சியாத்தானே இருந்தேன்?"

"அது பாசத்துல சொல்றது. வீட்டுலயே கொஞ்சம் வார்த்துக் குடுங்களேன்."

"திருட்டுக் காசு வார்த்தா தலை போகும், மாப்ளே."

"யாருக்குத் தெரியப்போவுது? காசு காசு மாதிரிதானே இருக்கும்!"

இதைக் கேட்டதும்தான் சரி என்றேன். மனுஷன் ஒரு காசைக்கூடக் கையில் வைத்து உருட்டிப் பார்த்ததில்லை. செம்பு ஆறும்போது சுருங்கும். நல்ல காசைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து வார்த்தால், வருவது மயிரிழை சின்னதாக இருக்கும். அதை உங்களால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வந்ததை வைத்து இன்னொரு அச்செடுத்தேன். அதை வைத்து இன்னொன்று. ஐந்தாம் தடவை வந்ததைத்தான் சரம் சரமாகக் கோத்துக் கொடுத்தேன். குறை சொல்ல முடியாத வேலை, அளவைத் தவிர.

புது இடைவார் கட்டிக்கொண்டு, மணமகன் மாதிரி நடந்து போனான். கருவூல அதிகாரி அதில் ஒன்றை நல்ல காசின்மேல் வைத்துப் பார்த்தாராம். சுற்றிலும் விளிம்பு தெரிந்ததாம். முதலில் சிரித்தாராம்.

கழுத்தில் வாள் இறங்கும்வரை அவன் என் பேரைச் சொல்லவில்லை. "மச்சான் வெகுளி, அவருக்கு ஒன்னும் தெரியாது" என்றானாம். என்னைப் பற்றி அவன் சரியாகப் புரிந்துகொண்டதே இல்லை.

என் தங்கைக்காகத்தான் செய்தேன். இப்படி ஒரு பீற்றல்காரனோடு அவள் எத்தனை காலம் குடும்பம் நடத்துவாள்? என்னிடம் வந்துவிடுவாள், எனக்கும் சோறு ஆக்கிப்போடுவாள் என்று புதுப் பாய்கூட வாங்கி வைத்திருந்தேன். குற்றவாளியின் குடும்பத்தையும் நாடுகடத்துவார்கள் என்பது தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அந்தச் சட்டத்தைச் சந்தையில் மூன்று நாள் கூவினார்கள்; மூன்று நாளும் நான் அங்கே நின்றிருந்தேன். அரசாங்கம் சொல்வதையெல்லாம் செய்யும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு பிள்ளைகளோடு அவளை வடக்கே கூட்டிப்போன அன்று வழியில் போய் நின்றேன். பொரித்த மீன் கொடுத்தேன், வாங்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. புருஷன்மேல் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது.