கடைசி ஆளின் அளவு

அளவு பார்க்கக் குத்தரிசி சரிப்படாது, மேடம். மணி தடிமன், உறுத்தும். பச்சரிசிதான் நல்லது. பழைய காலுறையில் பச்சரிசியைப் போட்டு முடிச்சிட்டு, பிராவுக்குள் வைத்துக்கொண்டு, வீட்டு வேலை எல்லாம் செய்து பார்க்கச் சொல்வேன். கண்ணாடி முன்னால் நின்றால் ஒன்றும் தெரியாது. துணி காயப்போடும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும்தான் எந்த அளவு தன் உடம்புக்குத் தோது என்று ஒரு பெண்ணுக்குப் புரியும். மார்புக்குள் சிலிக்கான் வைத்துக்கொள்ள நம் கிளினிக்குக்கு வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒருத்திகூடக் குறை சொன்னதில்லை.

டெல்னாவும் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய வலது பக்கம் ஏன் அப்படிக் கிழிந்தது என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள். ராத்திரி டூட்டி பிடிக்காமல் நர்சிங்கைப் பாதியில் விட்டு வந்த எனக்கு வேலை கொடுத்தவர் நீங்கள். அதனால் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வடம்வலி அணி. பாறசாலைப் பக்கம் ஓணத்துக்குக் கயிறு இழுக்கும் போட்டி நடப்பது உங்களுக்குத் தெரியும். பெண்களுக்கும் உண்டு. ஏழு பேர் இழுப்போம். முன்னால் நிற்கும் ஆறு பேரைப் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடுவார்கள். கடைசி ஆள்தான் அணி. அவள் கயிற்றை வலது அக்குளுக்குள் இறுக்கி, முதுகைச் சுற்றி இடது தோளில் போட்டுக்கொண்டு மண்ணில் குதிகாலைப் புதைப்பாள். அவள் அசைந்தால் எல்லோரும் போனோம்.

அந்த இடம் பல வருஷம் என்னுடையது. பிறகு பொழியூரிலிருந்து டெல்னா வந்தாள். கரையில் அப்பாவின் மீன்பிடி வள்ளத்தை இழுத்து வளர்ந்த தோள். எங்களுக்குப் பயிற்சி தரும் ரத்னபாய் ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டு, "ஜோஸ்னா, நீ ஆறாவதா நில்லு மக்கா. இவ கடைசில நிக்கட்டு," என்றார்.

டெல்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மனசில ஒண்ணும் வைக்காதீங்க. உங்களுக்கப் பின்னால நான் உண்டு."

நல்ல பெண். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆறாவதாக நின்றால் ஏழாவது ஆளின் மூச்சு பிடரியில் படும். அதுதான் பிடிக்கவில்லை.

போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜினோ கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் ஆசை.

"தோளு மட்டும் வளந்துபோச்சு அக்கா, மத்தது ஒண்ணும் கூட வரல்ல," என்றாள். "கல்யாண கவுனப் போட்டா ஹேங்கர்ல தொங்கின மாதிரி இருக்கு."

"ஹேங்கருக்கு இவ்வளவு வாய் கெடையாது எட்டி," என்றேன். அன்று நிறையச் சிரித்தோம்.

காலுறைகளைச் சின்னதும் பெரியதுமாக நானே தைத்துக் கொடுத்தேன். பெரிய அளவை வைத்துக்கொண்டே ரத்னபாயின் வீட்டுப் பின்னால் பயிற்சிக்கு ஓடினாள். கயிறு இறுகும் அந்த வலது பக்கத் தையல் விட்டுப்போய், சட்டைக்கு அடியிலிருந்து அரிசி கொட்டியது. ரத்னபாயின் கோழிகள் எல்லாம் அவள் பின்னாலேயே ஓடின. அவள் நிற்காமல், "வாங்கட்டி வாங்க, விருந்தாக்கும்," என்று அவற்றைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். ரத்னபாய் சிரித்துச் சிரித்துக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கயிற்றின் கடைசி இடத்துக்கு இந்தப் பெரிய அளவு ஆகாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அளவு பார்ப்பதில் அரிசி பொய் சொல்லாது.

உங்கள் அறையில் நீங்கள் அவள் மார்பின் அகலத்தை அளந்தீர்கள். தோலைக் கிள்ளிப் பார்த்து, மெலிதாக இருக்கிறது, தசைக்கு அடியில் வைத்தால்தான் விளிம்பு தெரியாது என்றீர்கள். பிறகு, பாரம் தூக்கும் வேலை, விளையாட்டு ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல மேடம், வீட்டு வேலைதான்," என்றாள்.

அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். வடம்வலி என்று வாயைத் திறந்தால் ஆப்பரேஷனே கிடையாது என்று முந்தின நாள் சொல்லி வைத்திருந்தேன். அது உண்மையல்ல. விளையாட்டுக்காரி என்று தெரிந்தால் சின்ன அளவாக, தசைக்கு மேலே வைப்பீர்கள், ஒரு சீசன் ஓய்வு சொல்வீர்கள். நீங்களே எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான். ஒரு சீசன் கழித்து அவள் திரும்பி வந்திருப்பாள். ஒரு சீசன் எனக்கு என்னத்துக்கு?

பெரிய அளவை எடுக்கச் சொன்னதும் நான்தான். கவுனைப் போட்டுப் பார்த்தபோது அழகாக இருந்தாள், அதில் பொய் இல்லை.

மூன்று மாதம் கையை வீசி எதையும் இழுக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னீர்கள். ஓணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை; ஓணத்துக்கு இழுக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். ரத்னபாய் அவளை ஓரமாக உட்காரச் சொல்லிப் பார்த்தார். "டாக்டர் சம்மதிச்சாச்சு, ஜோஸ்னாக்காகிட்ட கேளுங்க," என்றாள் டெல்னா. ரத்னபாய் கேட்டார். நான் தலையாட்டினேன்.

போட்டிக்கு முந்தின நாள் போன் செய்தாள். "அக்கா, வலத்துப் பக்கம் கொளுத்திப் பிடிச்சு வலிக்கு."

"அது உள்ள செட் ஆவுறதாக்கும்," என்றேன். "கயித்த நல்லா இறுக்கிப் பிடி. லூசா விட்டாத்தான் உரசும்."

"நீங்க இருக்கது எனக்கு ஒரு தைரியம்," என்றாள்.

முதல் இழுப்பிலேயே என் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நனைந்த துணியை உதறுகிற சத்தம். பிடரியில் மூச்சு நின்றது. திரும்பிப் பார்க்காமல் இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த இழுப்பில் தோற்றோம். அவளை ஆட்டோவில் ஏற்றி ரத்னபாய் கூடப் போனார். மருத்துவம் தெரிந்தவள் நீதானே, நீயும் வா என்று கூப்பிட்டார். இன்னும் இரண்டு இழுப்பு இருந்தது. ஆறாவது இடத்துக்கு மாற்று ஆள் வந்தாள். நான் கடைசிக்குப் போனேன். கயிறு கொஞ்சம் ஈரமாக இருந்தது.

இரண்டிலும் ஜெயித்தோம். பரிசு ஒரு கிடா. அதை நானே பொழியூருக்குக் கொண்டுபோய் டெல்னா வீட்டில் கட்டினேன். கல்யாணத்துக்கு ஆகும் என்று அவளுடைய அம்மா என் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டார். அவர் அழுததற்குக் காரணம் நன்றியா வேறு ஏதாவதா என்று கேட்கவில்லை.

நீங்கள் இரண்டு பக்கச் சிலிக்கானையும் எடுத்துவிட்டீர்கள். தசை பழைய பலத்துக்கு வராது என்றும் சொல்லிவிட்டீர்கள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். கட்டோடு சாய்ந்து உட்கார்ந்து கிடாவுக்குப் பலா இலை கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"எனக்க அவசரந்தான் அக்கா. நீங்க எவ்வளவு பாத்துப் பாத்துச் செய்தீங்க. புண்ணு ஆறினா மறுபடி வைக்கணும். அப்பவும் நீங்கதான் அளவு பாக்கணும்."

சரி என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை சின்னதே போதும், மேடம். அவளுக்கு இனி இழுக்க ஒன்றும் இல்லையே. பச்சரிசி வாங்கி வைத்துவிட்டேன், காலுறையை இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். அவள் உடம்புக்கு எது பொருந்தும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.