பதினோரு விலாசங்கள்

எனக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. எங்கள் தாலினிலிருந்து கடல் தாண்டி ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி இரண்டு மணி நேரம்தான். அதற்குள் இரண்டு முறை குமட்டிவிடும்.

அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹெல்சிங்கியில் கட்டட வேலை பார்த்தார், சாரத்திலிருந்து விழுந்து அங்கேயே இறந்தார். அந்தச் சாவு நம் நாட்டுப் பதிவேட்டுக்கு வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை இங்கே அவர் உயிரோடு இருந்தார். பல் மருத்துவரிடம் வரச்சொல்லி அவருக்குக் கடிதம்கூட வந்தது. அம்மா அதைப் பிரித்து வைத்துவிட்டு, கறுப்பு ரொட்டியை நறுக்கிக்கொண்டே அழுதாள். அந்த அவமானம் இனி ஒருவருக்கும் நேரக் கூடாது என்று நினைத்தேன். விசாரிக்க வந்த நீங்கள் இதில் என்ன தப்புக் கண்டீர்கள்?

இரு நாட்டு மக்கள் பதிவேடுகளையும் இணைக்கும் வேலை என் கைக்கு வந்தது. ஃபின்லாந்துக்குப் பிழைக்கப் போன நம் ஆட்களின் விவரமெல்லாம் இங்கே தானாக வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தது. பதினோரு பேர் மட்டும் வரவில்லை. அவர்கள் பெயருக்கு எதிரே, விலாசத்தை மறைக்கவும் என்று ஒரு குறி இருந்தது. அந்தக் குறிக்கு அங்கே ஒரு கட்டம் உண்டு. நம் பதிவேட்டில் கிடையாது. கட்டம் இல்லாத குறியைக் கண்டால் கணினி திருப்பி அனுப்பிவிடும்.

ஃபின்லாந்துத் தரப்பில் இதே வேலையைப் பார்த்தவள் சைலா. போனில் கூப்பிட்டாள்.

“தார்வோ, அந்தப் பதினோரு பேரயும் வெளியவே விட்டுருப்பா. காரணமில்லாமயா மறைச்சு வெச்சிருக்காங்க?”

“எங்க பக்கம் கட்டமே இல்லியே சைலா.”

“அப்ப கட்டத்தப் போடு.”

“எட்டு மாசம் ஆகும். அமைச்சர் தொடங்கிவெக்க செவ்வாக்கெழம வராரு.”

“கேக்கு மேல நூறு சதவீதம்னு எழுதணும் உனக்கு. அவ்ளோதான?”

அவளுக்கு எப்போதுமே வாய் நீளம்.

மறுநாள் அந்தப் பதினொருவரில் ஒருத்தி, கைரி, ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்திலிருந்து பேசினாள். விவரம் தாலின் பதிவேட்டுக்கும் வரும் என்று சைலாவின் அலுவலகம் வழியாக எங்கள் கடிதம் போயிருந்தது.

“சார், என் விலாசம் அங்க வரக் கூடாது. எம் புருஷன் கண்ணுல பட்டுச்சுன்னா அவ்ளோதான், என்னை உயிரோட விடமாட்டான்.”

“இது உங்க வசதிக்குத்தாம்மா. மருந்துச் சீட்டு, பிள்ளையோட தடுப்பூசி விவரம், எல்லாம் ரெண்டு பக்கமும் கிடைக்கும்.”

“மருந்த நான் பாத்துக்கறேன் சார். என்னைக் காணாமப் போனவளாவே விட்டுடுங்க.”

மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். குறித்தும் வைத்தேன். ஆனால் ஒரு மனுஷியைக் காணாமல் போனவளாக விடுவதற்கா நான் இத்தனை வருடம் உழைத்தேன்? அன்று பிற்பகல் பதினோரு குறிகளையும் நான்தான் அழித்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை கேக்கின் மேல் சைலா சொன்னபடியே எழுதியிருந்தது. குங்குமப்பூ போட்ட கேக், நன்றாகவே இருந்தது.

கைரியின் கணவன் ராய்வோ, மகளை மழலையர் பள்ளியில் சேர்க்கவென்று இங்கே நம் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பக்கத்தைத் திறந்தான். தகப்பன் அல்லவா, அவனுக்கு உரிமை இருந்தது. துர்க்குவில் தாய் இருக்கும் தெரு, வீட்டு எண், மாடி எல்லாம் அதில் இருந்தன. அவனுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளும்.

மற்ற பத்துப் பேரையும் மறுபடி வெளியே எடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். பதிவேட்டை ஓட்டையாக்கி வைத்திருக்கிறீர்கள். என்னைத் திரும்ப அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் இன்றைக்கே உள்ளே கொண்டுவருவேன். அதற்காக உங்களிடம் மன்னிப்பும் கேட்கமாட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து பதினேழுக்கு துர்க்குவில் கைரியின் சாவைப் பதிந்தார்கள். நான்கு விநாடியில் தாலினுக்கு வந்துவிட்டது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை, நானே சரிபார்த்தேன். என் அப்பா ஏழு வாரம் காத்துக் கிடந்தார். அவளுக்கு அந்த அவமானம் நேராமல் நான் பார்த்துக்கொண்டேன்.