ஷிப்ட் பார்த்த பவளம்

"பவளத்துக்கும் ஷிப்ட் போட்டா, அது வெளுக்காம என்னங்க பண்ணும்?"

நெய்வேலியிலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் கணவரிடம் கேட்டார். சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவர், குவார்ட்டர்ஸில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறாராம். அதற்குப் புது எல்.இ.டி. விளக்கு வாங்கப் போகிறார்கள்.

"நான் தூங்குறப்ப லைட்ட எரிய விட முடியுமா? ஒரு வாரம் பகல்ல, ஒரு வாரம் ராத்திரில. வெளிச்சம் பத்தலன்னு நெனச்சி பெரிய லைட்டு கேட்டேன். கடைக்காரரு டைமர் வச்சத வாங்குங்கன்னாரு. பவளத்துக்கு தெனம் ஒரே நேரத்துல விடியணுமாம், ஒரே நேரத்துல இருட்டணுமாம். பாவம், வாயில்லாத ஜீவன்."

பஸ் வடக்குத்தைத் தாண்டியதும் அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்குனா, பகல்லயே ஜன்னல சாத்திக்கினு இருட்டுல ஒக்காந்திருக்கேன். காலை ஷிப்டுன்னா நாலு மணிக்கே லைட்டு போட்டு சோறு கட்டறேன். பதினாலு வருசமா இப்படித்தான்."

"அதுக்கு என்ன இப்ப?"

"பவளம் வெளுத்ததும் பாண்டிக்கு பஸ் ஏறிட்டீங்க. என் தல வெளுத்தது ஒங்க கண்ணுல படவேயில்ல."