என் கேட்டோரம் சொட்டிய சிவப்புத் தண்ணீர்

பெயர் சீனியம்மாள், வயது ஐம்பத்தொன்று, கணவர் பெயர் அழகுபாண்டி. மதுரை நாகமலை புதுக்கோட்டையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்தில், கடைசிக்கு முந்தின வீட்டில் குடியிருக்கிறேன். இட்லி மாவு ஆட்டி விற்பது தொழில். கடைசி வீட்டுக்காரர் பாண்டியராஜன், நான் அவர் வீட்டு நாய்க்கு விஷம் வைத்ததாகவும் அவர் காருக்குச் செய்வினை செய்ததாகவும் கொடுத்த மனுவின் பேரில் என்னை நிலையத்துக்கு அழைத்து விசாரித்ததில் நான் சொல்வது:

பாண்டியராஜனும் அவர் மனைவி தமிழ்வாணியும் எனக்குச் சொந்தம் இல்லை. ஆனால் அவர் என்னை அக்கா என்பார், அவள் மதினி என்பாள், அவர்களுடைய பெண்குழந்தை தவழ ஆரம்பித்ததிலிருந்து பாதி நாள் என் வீட்டில்தான் கிடந்தது. தை பிறந்ததும் பாண்டியராஜன் ஒரு பழைய கார் வாங்கினார். எவனோ ஓட்டித் தள்ளின வண்டி நமக்கு வேண்டாம் என்று தமிழ்வாணி சண்டை போட்டது சந்துக்கே கேட்டது. சந்து குறுகல் என்பதால் அவர் வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டி வந்து, அதன் மூக்கு என் கேட்டைப் பார்க்க நிறுத்துவார். அதன் பிறகு சில நாளில், காலையில் நான் வாசல் தெளிக்கப் போகும்போது என் கேட்டோரம் சிவப்பாகச் சொட்டும் கோடுமாகக் கிடக்க ஆரம்பித்தது.

தமிழ்வாணி வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து அந்த வண்டிக்கு ஆரத்தி சுற்றி டயரோரம் ஊற்றுவாள். சந்து என் வாசல் பக்கம் சரிவு. ஆகவே கண்ணேறு கழித்த தண்ணீரை வேண்டுமென்றே என் தலையில் கட்டுகிறாள் என்று நான் நினைத்தேன். கார் ஒழுகினால் கறுப்பாக ஒழுகும் என்றுதான் எனக்குத் தெரியும், சிவப்பாகவும் ஒழுகும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? நான் போய்க் கேட்டதற்கு அவள், வெள்ளிக்கிழமை மட்டும் ஊற்றுகிற தண்ணீர் செவ்வாய்க்கிழமை எப்படி வரும், வண்டி வாங்கியது பொறுக்காமல் நீங்கள்தான் எதையோ கொண்டுவந்து ஊற்றுகிறீர்கள் என்றாள். அதன் பிறகு பேச்சு நின்றது. குழந்தையும் என் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவர்கள் வீட்டு நாய் டாமி என் மாவு வாளியில் ஒரு தடவை வாய் வைத்தபோது, உனக்கு ஒருநாள் இருக்குடா என்று நான் வாசலில் நின்று கத்தியது உண்மை. நான்கு பேர் கேட்டார்கள். மாசி மாதம் அந்த நாய் கள்ளுக் குடித்ததுபோலத் தள்ளாடி, வாந்தி எடுத்து, தண்ணீராகக் குடித்து, மறுநாள் படுத்து, அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. கால்நடை டாக்டர் விஷம் என்றார், என்ன விஷம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சந்துக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் நான் ஆட்டின மாவு அப்படியே புளித்துப் பொங்கி வழிந்தது. நாய்க்கு விஷம் வைத்தவள் கையால் ஆட்டின மாவை எவள் வாங்கித் தன் பிள்ளைக்கு இட்லி ஊற்றுவாள்? இந்தப் பெயர் நின்றுவிட்டால் நான் கிரைண்டரை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டியதுதான்.

ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்புப் போய் மஞ்சளாகிவிடும், இது அடுப்படியில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். தமிழ்வாணியின் குட்டை உடைப்பதற்காக நான் ஒரு பழத்தை அறுத்து அந்தச் சொட்டில் பிழிந்தேன். நிறம் மாறவில்லை. விரலால் தொட்டுப் பார்த்ததில் எண்ணெய்போல வழுவழுப்பாக இருந்தது, வெயில் ஏறியும் காயவில்லை, லேசாகத் தித்திப்பு வாடை அடித்தது. அதன் பிறகு பாண்டியராஜன் வண்டியை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிக்குப் போய் இரண்டு நாள் தங்கியபோது என் வாசல் சுத்தமாகக் கிடந்தது. அவர் வந்த மறுநாள் திரும்பவும் சிவப்பு. அப்போதுதான் என் சந்தேகம் தமிழ்வாணியை விட்டு வண்டி மேல் போனது.

எந்த இடத்தில் சொட்டுகிறது என்று பார்ப்பதற்காக, வண்டியின் முன்பக்கம் அடியில் கோலமாவை ஒரு பாய் அகலத்துக்குப் பரப்பிவைத்தேன். வெள்ளையில் சிவப்பு விழுந்தால் தெரியும் என்பதற்காகத்தான். பிழிந்த எலுமிச்சை மூடிகளையும் பக்கத்திலேயே போட்டுவிட்டு வந்தேன். கார் அடியில் வெள்ளை மாவு, சிவப்புச் சொட்டு, அறுத்த எலுமிச்சம்பழம் என்றால் பார்க்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று எனக்கு அப்போது புத்தியில் உறைக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நான் போனில் டார்ச் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இன்ஜினுக்குக் கீழே மாட்டியிருந்த கறுப்புத் தகட்டின் ஓரத்தில் ஒரு சிவப்புச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது மாவில் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்போது தமிழ்வாணி வெளியே வந்து என் காலைப் பார்த்துவிட்டு அலறினாள். சந்தே கூடிவிட்டது. வண்டிதான் ஒழுகுகிறது, குனிந்து பாருங்கள் என்று நான் சொல்லியும் மாவையும் எலுமிச்சையையும் பார்த்தவர்கள் யாரும் குனியவில்லை. பாண்டியராஜனும் குனியவில்லை. அவர் போலீசுக்குப் போன் போட்டார்.

அந்தக் கூச்சலில் குழந்தை தவழ்ந்து வந்து மாவுக்குள் கை வைத்து, சிவந்த விரலை வாய்க்குக் கொண்டுபோனது. நாய் தள்ளாடியது எனக்கு ஞாபகம் வந்தது. நான் பாய்ந்து குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து என் சேலையில் துடைத்தேன். குழந்தை வீரிட்டது. குழந்தையையும் ஏதோ செய்யப் பார்க்கிறேன் என்று நினைத்து தமிழ்வாணி என்னைக் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு நான் புகார் கொடுக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் ஒரு அறையோடு விட்டிருக்க மாட்டேன்.

அதன் பிறகு போலீசார் வந்தார்கள், பாண்டியராஜன் அவர்களிடம் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் பேச்சைக் கேட்டு வண்டியைக் காளவாசல் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், பாண்டியராஜன் ஓட்ட, நானும் தமிழ்வாணியும் கூடப் போனோம். மெக்கானிக் ரேடியேட்டருக்குள் காற்றை அடித்து நிறுத்தினார். சற்று நேரத்தில் கீழ்க் குழாயைப் பிடித்திருக்கும் வளையத்தின் அடியில் கடுகு அளவு சிவப்பு துளிர்த்தது. அது நேரே தரையில் விழாமல் கறுப்புத் தகட்டில் விழுந்து ஓடி, வேறு ஓரத்தில் சொட்டுகிறது என்று காட்டினார். இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் என்றும், இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் சாகும் என்றும் சொன்னார். போலீசார் கால்நடை டாக்டரிடம் போனில் கேட்டதற்கு அவரும் அந்த நாய்க்கு இருந்த அறிகுறி இதற்குப் பொருந்தும் என்றார்.

இத்தனை நாள் ஒழுகியும் கூலண்ட் தொட்டி நிறைந்திருப்பது எப்படி என்று மெக்கானிக் கேட்டார். பாண்டியராஜன் டிக்கியை மறைத்துப் போய் நின்றுகொண்டார். ஏட்டையா டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சாக்கு சுற்றி ஒரு கேன் இருந்தது, அதில் பாதிக்குக் கீழே அதே சிவப்பு. தினமும் வேலைக்குப் போகும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஊற்றிக்கொண்டதாக அவர் ஒத்துக்கொண்டார்.

“பழைய வண்டி வேணாம்னு அம்புட்டு சொன்னா. ஒழுகுதுன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள இருக்க விடமாட்டா அக்கா” என்று என்னிடம் சொன்னார்.

“அதுக்கு என்னைய விஷம் வச்சவளாக்குவியா தம்பி?” என்று கேட்டேன். தமிழ்வாணி அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, கேனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூலண்ட் குடித்தால் நாய் சாகும் என்று தனக்குத் தெரியாது என்கிறார். நான் அதை நம்பவில்லை. கேனில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கிறது. தெரியாமலே இருந்தாலும், என் வாசலில் கிடந்தது தன் வண்டித் தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே மனுவில் கையெழுத்துப் போட்டார்.

மனுவை வாபஸ் வாங்குவதாக அவர் சொல்வதால் சமாதானமாகப் போகச் சம்மதமா என்று என்னைக் கேட்கிறீர்கள். இன்று காலை தமிழ்வாணி பாத்திரத்தோடு என் வாசலுக்கு வந்து மாவு கேட்டாள். மன்னிச்சுக்கங்க மதினி என்றாள். நான் அளந்து ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு படி இறங்கினவள், நான் உள்ளே போய்விட்டேன் என்று நினைத்து, பாத்திரத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். காரணம் தெரிந்த அவளே அப்படி என்றால் சந்தில் மற்றவர்களைச் சொல்ல என்ன இருக்கிறது.

ஆகவே எனக்குச் சமாதானம் சம்மதம், கேஸ் எதுவும் வேண்டாம். ஆனால் வண்டி ஒழுகியதும், அதை மறைத்ததும், நாய் செத்ததும் தன்னால்தான் என்று பாண்டியராஜன் சந்தில் எல்லார் முன்னாலும் தன் வாயால் சொல்ல வேண்டும்.

நான் சொன்னது அத்தனையும் நடந்தது நடந்தபடி. எழுதியதை ஏட்டையா எனக்குப் படித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. எனக்குப் படித்துக் காட்டியது போதாது, எங்கள் சந்துக்கு வந்து ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
அ. சீனியம்மாள்