‘வரேன்’ என்று எழுதியவள் குற்றவாளியா?

வீட்டில் உயர்த்த முடியாத குரலை இந்த மைக்கில் உயர்த்தி மகிழும் எங்கள் தலைவர் விஸ்வநாதன் அவர்களே! துறைமுகத்தில் நிஜக் கப்பல்களைப் பார்த்து அலுத்து, திரையில் பறக்கும் கப்பலைப் பார்க்க வந்த பெரியோர்களே! பவானிபூரிலிருந்து பஸ்ஸில் பிதுங்கி வந்தும் புடவை கசங்காத தாய்மார்களே! நியூ டவுனிலிருந்து காரில் வந்தும் தாமதமாக வந்த தம்பி தங்கைகளே! இந்த ஹாலை நமக்குத் திறந்து தந்த வங்காளத்து அண்ணி, ஷர்மிளா பௌதி அவர்களே! வங்கியில் வேலை பார்த்தாலும் வாய்க்கு மட்டும் விடுமுறை விடாத மாதங்கியின் வணக்கம்!

‘தூரக்கப்பல்’! ஆறு பாகம் வந்த ஆங்கில விண்வெளிப் படம். ஆறையும் இதே ஹாலில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம். ஏழாம் பாகம் வரப்போகும் இந்த நேரத்தில், இன்று நம் முன் வைத்திருக்கும் தீர்மானம் என்ன? நம் ரசிகர் மன்றத்தை இரண்டாகப் பிரிப்பதாம்! யாரைக் கேட்டுப் பிரிக்கிறீர்கள்? எதற்காகப் பிரிக்கிறீர்கள்? ஒரே ஒரு சொல்லுக்காக!

ஆறாம் பாகத்தின் முடிவு நினைவிருக்கிறதா? எரிகிற கப்பலின் கதவருகே நின்று, கேப்டன் ஓரின் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "ஐ ஆம் கோயிங்" என்கிறான். கதவு மூடுகிறது. படம் முடிகிறது. ஆங்கிலத்தைக் காதால் கேட்டவர்கள், ஆள் போய்விட்டான் என்று அழுதார்கள். ஆனால் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரியைப் படித்தவர்கள் அழவில்லை. ஏன்? அந்த வரிகளை நமக்காக எழுதும் பிரியம்வதா, அங்கே என்ன எழுதியிருந்தாள்? "போயிட்டு வரேன்!"

சிரிக்காதீர்கள், அதில் பிறந்ததுதான் ‘வருவார்’ கட்சியும் ‘போனார்’ கட்சியும்! சரஸ்வதி பூஜையன்று கிச்சுரி சாப்பிடக்கூட இரண்டு கட்சியும் இரண்டு பந்தி. ஒரு பந்தியிலிருந்து மறு பந்திக்கு அப்பளம் போகவில்லை ஐயா!

இப்போது ஏழாம் பாகத்தில் கேப்டனே இல்லை என்று செய்தி வந்துவிட்டது. பாலிகஞ்ச் பட்டு மாமி நேரே பிரியம்வதா வீட்டுக்கே போய், "நீதானேடி எழுதினே வரேன்னு! இத்தனை வருஷமா நம்பிண்டிருந்தேனே!" என்று கண் கலங்கிவிட்டார். ‘போனார்’ கட்சித் தலைவன் ஹரீஷோ, "ஒரு வரி தப்பா எழுதினவ கையில எப்படி மாமி அடுத்த படத்தைக் குடுக்கறது?" என்று என்னிடமே கேட்டான். அந்தப் பெண் இனி ஒரு வரியும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இதோ, கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது! அவள் எழுதாவிட்டால் இங்கிருக்கும் தாய்மார்களில் பாதிப் பேருக்குப் படமே இல்லை, தெரியுமா?

தப்பா அது? நேற்று ஷர்மிளா பௌதியிடம் கேட்டேன். அவர்களும் அதே படத்தை வங்காள வரியோடு போட்டார்கள். "கேப்டன் என்ன சொல்றான் பௌதி?" என்றேன். யோசிக்காமல் சொன்னார்: "ஆஷி!" அப்படியென்றால் என்ன? வருகிறேன்! இந்த ஊரில் வாசற்படி தாண்டும் வங்காளியும் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, தமிழனும் சொல்வதில்லை. விண்வெளிக்கே போகட்டும், நம் வீட்டு வழியாகப் போகிறவன் வேறு எப்படி விடைபெறுவான்?

என்ன ஹரீஷ், பாதிப் பேச்சில் எழுந்துவிட்டாய்? கோபமா? போகிறாயா? என்ன... சத்தமாகச் சொல்லப்பா!

"இல்ல மாமி, வண்டி கேட்டை மறிச்சுண்டு நிக்கறதாம். நகர்த்திட்டு வரேன்!"

கேட்டீர்களா சபையோரே! என்ன சொன்னான்? வ-ரே-ன்! கை தட்டுங்கள்! டேய் ஹரீஷ், மன்றத்தை உடைக்கத் தீர்மானம் எழுதிய நீயே ‘போறேன்’ என்று சொல்லவில்லையே! உன் வாய்க்கு வராத சொல்லை அவள் கை மட்டும் எழுதுமா?

அதோ, சிரிக்கிறான். என்னது? "ஏழாவதுக்கும் அவளே எழுதட்டும் மாமி, தீர்மானத்தைக் கிழிச்சுடறேன்" என்கிறான்! முதலில் வண்டியை எடு, பிறகு கிழி!

பட்டு மாமி, உங்களுக்கும் ஒன்று. கேப்டன் வருவானா மாட்டானா என்பது படம் எடுப்பவர் பாடு. நம்பியதில் நீங்கள் ஏமாளி இல்லை. நம்பாததில் ஹரீஷ் துரோகியும் இல்லை. சண்டை போடுங்கள், ஆசை தீரச் சண்டை போடுங்கள்! ஆனால் ஒரே ஹாலில் போடுங்கள், ஒரே பந்தியில் போடுங்கள், அப்பளத்தைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே போடுங்கள்!

பிரியம்வதா, தலையை நிமிர்த்தடி கண்ணே. ஏழாம் பாகத்தில் யார் கிளம்பினாலும், உன் மனசு சொல்கிறபடி எழுது.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், நடுவில் கேள்வி கேட்காத தலைவருக்கும், ஹால் தந்த பௌதிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பேச்சை முடிக்கிறேன், மேடையை விட்டு இறங்குகிறேன். ஆனால் போகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஆஷி, பௌதி! வரேன், சபையோரே!