வேப்பமரத்துக்குக் கிழக்கே

— அந்தக் கல்லுல தீட்டாத தாயி.

— ஏன் பெரியப்பா? நல்லா சொரசொரன்னு இருக்கு. காலையில ராமரண்ணன் டிராக்டர்ல சங்கிலி கட்டிக் கடைசித் தூரை இழுத்தாருல்ல, அப்பத்தான் தலையக் காட்டுச்சு.

— செத்த நேரம் அருவாளக் கீழ வையி.

— வச்சா ஒக்காந்துருவேன். ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேன். சிறுமலைப் பக்கம் பாருங்க, எப்புடிக் கருத்துருக்குன்னு. வெட்டுன கருவமுள்ள இன்னிக்கே கூட்டி எரிச்சுட்டா நாளைக்கு உழவு. இந்த மழைக்கு வெதை விழுகலேன்னா இந்தப் பாண்டிச்செல்வி மறுபடி நூலு மில்லு ஆஸ்டல்தான். எம் பாப்பா மறுபடி தங்கச்சி வீடுதான்.

— அம்புட்டையும் ஒத்தையில வெட்டிப்புட்டியே.

— ஒத்தையிலயா? மொத வாரந்தான் ஒத்தை. அப்ப நீங்க என்ன சொன்னீக? நூலு புடிச்ச கைக்கு முள்ளு புடிபடுமான்னு சிரிச்சீகளா இல்லையா? டீக்கடையில வேற போயிச் சொல்லிருக்கீக.

— எல்லாருந்தான் சிரிச்சாக.

— பொம்மையன் மாமாவும் சிரிச்சாரு. ஆடு மேய்க்க வந்தவரு. “கோணையா வெட்டுற ஆத்தா, தூரோட ஒட்டி வெட்டு”ன்னு அருவாள வாங்கிக் காமிச்சாரு. காமிக்க வந்த மனுசன் பொழுது சாயுற வரைக்கும் வெட்டுனாரு. ஆடுக பாட்டுக்கு எவன் வெள்ளாமையிலயோ மேஞ்சுச்சு.

— என் வெள்ளாமையிலதான்.

— ஐயையோ! ஏன் சொல்லல?

— சொல்லாதது அது ஒண்ணுதானா.

— என்ன?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

— அப்பறம் ராமரண்ணன். யாருன்னே எனக்குத் தெரியாது, வேற ஊரு. ரோட்டுல போனவரு நான் ஒரு தூரோட மல்லுக்கட்டுறதப் பாத்துட்டு வண்டிய நிப்பாட்டிட்டாரு. முந்தாநாளு பெரியம்மா. வெஞ்சனம் குடுத்துட்டுப் போறேன்னு வந்தவுக, தூக்குவாளிய வச்சுட்டு முந்தானைய இழுத்துச் சொருகிட்டாக. ஒருத்தரையும் நான் கூப்புடல. நீங்கதான் தெனமும் வந்து வரப்புல ஒக்காந்து பாத்துட்டுப் பாத்துட்டுப் போறீக.

— உங்க பெரியம்மா என்கூடப் பேச மாட்டேங்குறா.

— என்னவாம்?

— உன்கிட்ட ஒண்ணச் சொல்லிட்டு வந்தாத்தான் சோறாம். முந்தாநாளுலருந்து கடைப் புரோட்டாதான்.

— அதான் மூஞ்சி இப்புடி வத்திப்போயிக் கெடக்கா! சொல்லுங்க. சொல்லிட்டுச் சாப்புடப் போங்க.

— என் தம்பி உன்கிட்ட எல்லை என்னன்னு சொன்னான்?

— வேப்பமரத்துக்குக் கிழக்க ஒரு ஏக்கரு நம்மளதுன்னு. ஆஸ்பத்திரியில படுத்துக்கெடந்தப்பகூட அதத்தான் சொன்னாரு. அந்தா நிக்குதுல்ல மரம்.

— அது இல்ல தாயி.

— எது இல்ல?

— உங்கப்பன் சொன்ன மரம் இங்கன நின்னுச்சு. இந்தக் கல்லுக்குப் பக்கத்துல. புயல்ல சாஞ்சுருச்சு. நீ அப்ப மில்லுல இருந்த. அது எல்லைக்கல்லு.

— வெளையாடாதீக பெரியப்பா.

— நீ வெட்டி முடிச்ச எடத்துலதான் உன் காடு ஆரம்பிக்குது.

— அப்ப இது?

— எம் பங்கு.

— மரத்துலருந்து கல்லு வரைக்குமா?

— அம்புட்டும்.

— அங்கிட்டுப் பாருங்க. கல்லுக்கு அங்கிட்டு. ஆடுகூட நொழையாது. பொம்மையன் மாமாவுக்கு இது தெரியுமா?

— யாருக்குந் தெரியாது. இருவது வருசமா முள்ளு மூடுன எடம். எனக்கும் உங்க பெரியம்மாவுக்குந்தான் தெரியும். அவளும் முந்தாநாளு வந்து பாத்தப்பத்தான் நீ எங்க வெட்டுறேன்னு கண்டா.

— நீங்க?

— மொத நாளே கண்டேன்.

— மொத நாளே.

— கையில கொப்புளம் வந்தா ஓடிருவ, அம்புட்டு வரைக்கும் நமக்கு லாபம்னு நெனச்சேன். நீ ஓடல. துணியச் சுத்திக்கிட்டு வந்து நின்ன. அப்பறம் ஒவ்வொருத்தனா வந்தான். ஆளு சேரச் சேர எனக்கு வாய் ஒட்டிக்கிருச்சு.

— பெரியம்மாவாச்சும் சொல்லிருக்கலாம்ல.

— “மூடுனது உங்க வாயி, நீங்கதான் தெறக்கணும்”னுட்டா.

— நல்லா வெட்டுனாக பெரியம்மா. என்னைய விட நல்லா. சரி பெரியப்பா. நீங்க வெதைங்க. மண்ணு நல்ல மண்ணு. நான் வாரேன்.

— எங்க போற?

— மில்லுக்குப் போன் பண்ணணும். லைனுக்கு ஆளு கொறைஞ்சுருக்கும், உடனே வரச்சொல்லுவாக.

— நில்லு. ராமரை நாளைக்கு உழவுக்கு வரச்சொல்லிருந்தியா?

— சொல்லிருந்தேன். அவருக்கும் வேணாம்னு சொல்லணும்.

— வரட்டும். மரத்துலருந்து கல்லு வரைக்கும் உழட்டும்.

— உங்க உழவு. நீங்க சொல்லிக்கங்க.

— ரெண்டு பங்கும் ஒரே அளவு. ஒரே மண்ணு. உன் வெதையப் போடு. பத்திரத்த மாத்துற வேலைய மழை விட்டதும் பாத்துக்கலாம்.

— பெரியப்பா, அப்ப நீங்க?

— அந்த அருவாளக் குடு தாயி. எங்காட்டுல இன்னும் ஒரு முள்ளுகூட வெட்டல.