பெனிபிட் நின்றதற்கு மோதகம்

மோர்டனிலிருந்து ஸ்ட்ரெதம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு பெரிய பை. அதன் வாயில் ஹேர் டிரையர் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு டப்பாவைத் திறந்து பக்கத்தில் இருந்த மூத்தவரிடம் கொடுத்தாள்.

“மோதகம் எடுங்கோ அக்கா. எனக்கு அரசாங்கம் தாற பெனிபிட் காசு நிண்டிட்டுது. அதுதான் பிள்ளையாருக்குப் படைச்சனான்.”

எடுக்க வந்த கை நடுவழியில் நின்றது. நானும் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன்.

“நிக்கக்கூடாது எண்டெல்லோ சனம் நேர்த்தி வைக்கிறது?”

“நான் நிக்கவேணும் எண்டு வைச்சனான். வீடு வீடாய்ப் போய்த் தலைமயிர் வெட்டத் தொடங்கேக்கை எங்கடை ஆக்கள் என்ன சொன்னவை? காசைக் கையிலை வாங்கு, ஒருத்தருக்கும் மூச்சு விடாதை எண்டு. நான் மாசாமாசம் உழைச்சதை அப்படியே பெனிபிட்காரருக்குச் சொன்னனான். அவையும் மாசாமாசம் குறைச்சுக்கொண்டு வந்தவை.”

“பயமாயிருக்கேல்லையோ?”

“இருந்தது. பிள்ளையளோடை வாடகை கட்டவேணுமெல்லோ. இந்த மாசம் பார்த்தால், உங்கடை உழைப்பே போதும், இனி ஒண்டும் இல்லை எண்டு போட்டிருக்கு.”

மூத்தவர் மோதகத்தை எடுத்துக் கடித்தார்.

“அப்ப ஜனவரியிலை டாக்ஸ் கட்டவேண்டி வருமே பிள்ளை. அதுக்கும் ஏதும் நேர்த்தியோ?”

“அதுக்கு எடுத்து வைச்சிருக்கிறன் அக்கா. பிள்ளையாரிட்டை வேறை ஒண்டுதான் கேட்டனான்.”

“என்ன?”

“வாற வருசம் இதைவிடக் கூடக் கட்டவேணும் எண்டு.”